கிடா தின்ற சீட்டு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கட்டுரையாகப் பிறந்து கெட்டுப்போன கதை. 2004-இல் சாலேம்பட்டி ஆலயத்தின் நூற்றாண்டு மலருக்கு, 'நமது திருச்சபையில் காணிக்கைப் பங்கீடு' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் கேட்டார்கள். நான் அந்த ஊர்க்காரன், எழுதுகிறவன் என்று பெயர் எடுத்தவன், பணம் கேட்காதவன். மூன்று தகுதியும் ஒரே ஆளிடம் அமைவது கஷ்டம்.

முதல் வரி இப்படி இருந்தது: 'திருச்சபைக்கு வரும் காணிக்கைகள் நான்கு வகைப்படும்.' இரண்டாம் வரி எழுதுவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. மூன்றாம் வரியில் ஒரு கிடா வந்து நின்றது. விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. மலர்க்குழுவினர் வாசித்துவிட்டு, ஆட்டை நீக்கித் தந்தால் போடலாம் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். நீக்கிப் பார்த்தேன். நான்கு வகை மட்டும் மிஞ்சியது. ஆகவே கட்டுரையை நீக்கிவிட்டு ஆட்டை வைத்துக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று: 'கரிசல் வெடித்துக் கிடந்தது. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒரு'

வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் கதை எழுத உட்காருகிறவன் எவனும் முதல் வரியில் வானத்தைப் பார்த்துவிடுகிறான். நான் சொல்லப்போகும் 1998-இல் நல்ல மழை. உளுந்தும் கம்பும் வீடு கொள்ளாமல் வந்தன.

தொடக்கம் இரண்டு: 'சாமித்துரைக்குப் பொய் சொல்லத் தெரியாது.'

இது இருக்கட்டும். ஆனால் இப்படிப் போட்டு உடைத்தால், 'சரிதான், கடைசியில் பொய் சொல்லப்போகிறார்' என்று இப்போதே முடிவு கட்டிவிடுவீர்கள். கதை வாசித்துப் பழகியவர்கள் பொல்லாதவர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சாமித்துரை எப்போதும்வென்றான் என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில் முப்பத்தொரு வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். திறந்து கிடக்கும் தபால் கார்டைக்கூட வாசிக்கமாட்டார். எழுத்துத் தெரியாத வீடுகளில் வாசித்துக் காட்டச் சொன்னால் வாசிப்பார். முடித்ததும், 'நான் மறந்துட்டேன்' என்று அவர்களிடமே சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறுவார். அப்படிப்பட்டவரைச் சபைக் கமிட்டிக்குச் செயலர் ஆக்காமல் வேறு யாரை ஆக்குவது?

3

[இந்தப் பகுதி பழைய கட்டுரையிலிருந்து தப்பி வந்தது. பொறுமை இல்லாதவர்களும் தாண்டிப் போகாதீர்கள், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.]

மாசி மாதம் அறுப்பின் பண்டிகை. ஆராதனைக்கு வருகிற ஒவ்வொரு குடும்பமும் விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து வைக்கும். கம்பு, வத்தல், பருத்தி, கோழி. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். வரும் பணத்தைச் சபையின் ஊழியங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பிரிப்பதில்தான் அடிதடி.

1997-இல், எந்தப் பொருள் எந்த ஊழியத்துக்கு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டினார்கள். வாலிபர் சங்கத்தார் தங்கள் சேவலைத் தாங்களே போட்டி போட்டு ஏற்றிவிட்டு, மற்ற சாமான்கள் பக்கமே திரும்பவில்லை. அனாதை இல்லத்தின் பூசணிக்காய் கேட்க நாதியில்லாமல் கிடந்தது. பெண்கள் சங்கத்தார் அதைப் பார்த்து அழுதார்கள். ஆனாலும் அதை யாரும் வாங்கவில்லை.

ஆகவே சாமித்துரை ஒரு வழி கண்டுபிடித்தார். சாமான்களை இருபது கூறாகப் பிரிப்பது. இருபது சீட்டு எழுதிக் குலுக்கி, கூறுக்கு ஒரு சீட்டு கட்டுவது. எல்லாம் விற்று முடிந்த பிறகுதான் சீட்டைப் பிரிப்பது. யாருக்குப் போகிறது என்று தெரியாமல் கேட்டால்தான் ஏலம் ஒழுங்காக நடக்கும். யூதாஸின் இடத்துக்கு ஆள் எடுத்தபோது அப்போஸ்தலரே சீட்டுப் போட்டார்கள் என்று வசனத்தையும் காட்டினார்.*

கோபுரக் கட்டட நிதிக்கு எட்டுச் சீட்டு. வடநாட்டு மிஷனரிகளுக்கு நாலு. அனாதை இல்லத்துக்கு மூன்று. பெண்கள் சங்கத்துக்கும் வாலிபர் சங்கத்துக்கும் இரண்டிரண்டு. மிச்சம் ஒரே ஒரு சீட்டு.

இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொன்றையும் ஒருவர் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்துக் கட்ட வேண்டும். அதற்குத் தபால் கார்டை வாசிக்காத ஆள் இருந்தார். பதிவேடு எழுதலாமா என்று பாஸ்டர் ஐயா கேட்டதற்கு, வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்று சாமித்துரை மறுத்துவிட்டார். வேதத்தை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தால் வம்பு வரும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

* அந்த யூதாஸ்தான் பணப்பையை வைத்திருந்தவன் என்பதைக் கூட்டத்தில் எவரும் ஞாபகப்படுத்தவில்லை.

4

அந்த ஒற்றைச் சீட்டு பொன்மணியுடையது. இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ரொம்ப நல்லவளாக வந்துவிட்டாள். நல்லவர்களை வைத்துக் கதை எழுதுவது உப்பில்லாத கூழ் காய்ச்சுவது மாதிரி. ஆகவே அவள் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டில் சுருதி சேராது, ஆனால் சத்தம் மட்டும் குறையாது. இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரமாட்டாள். என் குடை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

சபையில் அவளுக்குப் பைபிள் உமன் என்று பெயர். வீடு வீடாகப் போய் ஜெபம் செய்ய வேண்டும் என்பது வேலை. போன வீடுகளிலெல்லாம் பூட்டுத் தொங்கியது. பெண்கள் விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார்கள். கைப்பிள்ளைகள் பூட்டுக்கு இந்தப் பக்கம், அக்காள்களின் இடுப்பில். பொன்மணி ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு, ஒரு பழைய வத்தல் கோடவுனை வாடகைக்குப் பிடித்துச் சேலைத் தொட்டில்களைக் கட்டினாள். பதினோரு பிள்ளைகள். ஊரார் அதைத் தொட்டில் வீடு என்றார்கள்.

கோடவுன்காரர் திடீரென்று மூவாயிரம் அட்வான்ஸ் கேட்டார். அந்த மாதக் கடைசிக்குள் தராவிட்டால் மறுபடி வத்தல் அடுக்கிவிடுவேன் என்றும் சொன்னார். பொன்மணி கமிட்டியிடம் போனாள்.

கோபுரக் கமிட்டித் தலைவர் ஆசீர்வாதம், அது ஊழியமே இல்லை என்றார். அங்கே தொட்டிலில் கிடப்பதில் எட்டுப் பிள்ளைகள் சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் அல்ல, ஆனால் கோபுரம் கட்டினால் மெயின் ரோட்டில் போகிற எல்லா ஜாதி சனமும் பார்க்கும் என்பது அவர் வாதம். அவர் செங்கல் சூளை வைத்திருந்தார் என்பதை இந்த இடத்தில் சொல்வது நியாயமில்லை. சொல்லிவிட்டேன். கடைசியில் பாஸ்டர் ஐயா மன்றாடி ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்தார். ஒரு சீட்டுக்கு முட்டையும் விழலாம், மூட்டையும் விழலாம்.

5

பண்டிகை வந்தது. புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் சீனி, மந்தைக்கு வந்த நோய் நீங்கினால் தருவதாகப் பொருத்தனை செய்த கிடாவைக் கொண்டுவந்து கட்டினான். நல்ல கொழுத்த கிடா. பக்கத்தில் யாரோ தோட்டக்காரர் வைத்த ஒரு கட்டு அகத்திக்கீரை. ஆட்டுக்குப் பக்கத்தில் அகத்திக்கீரையை வைத்தது யார் என்று பிற்பாடு விசாரித்தபோது ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சாமித்துரை சீட்டுகளைக் கட்டி முடித்தார். கிடாவின் கழுத்தில் கோபுரச் சீட்டைக்

[இந்த வரியை நிறுத்திக்கொள்கிறேன். காரணம் பிறகு.]

பாஸ்டர் ஐயா ஏலத்துக்கு முன் ஜெபம் செய்தார். கம்புக்காக ஸ்தோத்திரம், சோளத்துக்காக ஸ்தோத்திரம், உளுந்து, பாசி, தட்டை என்று பயறு பயறாக நன்றி சொன்னார். கண்ணைத் திறந்தபடி ஜெபித்தது கிடா மட்டும்தான். ஆமென் சொல்லிக் கண் விழித்தபோது கீரைக்கட்டு இல்லை. கீரையில் கட்டிய சீட்டும் இல்லை. கழுத்துக் கயிற்றில் தொங்கிய தன் சீட்டையும் கிடா எப்படியோ எட்டிப் பிடித்து மென்றுகொண்டிருந்தது.

ஏலம் நிற்கவில்லை. கோவில்பட்டியில் மண்டி வைத்திருக்கும் அய்யாத்துரை அண்ணாச்சி வருஷா வருஷம் வந்து ஏதாவது எடுப்பார். ஒருமுறை இங்கே எடுத்த சேவல் ராசியாகிவிட்டது என்பது அவர் நம்பிக்கை. எடுத்ததை எந்தச் சாமிக்குக் கொண்டுபோகிறார் என்று எங்கள் சபையில் யாரும் கேட்பதில்லை. அன்று அவருக்கும் ஒரு பருத்தி வியாபாரிக்கும் வீம்பு ஏறி, கிடா மூவாயிரத்து நானூறுக்குப் போனது. சாலேம்பட்டி அதுவரை கண்டிராத விலை.

6

பிறகு சீட்டுகளைப் பிரித்தார்கள். பதினெட்டு இருந்தன. கோபுரத்துக்கு ஏழு, மற்றவர்களுக்கெல்லாம் சரியாக வந்திருந்தது. காணாமல் போனது இரண்டு: ஒரு கோபுரச் சீட்டு, ஒரு தொட்டில் வீட்டுச் சீட்டு. ஒன்று கிடாவுக்கு, இன்னொன்று கீரைக்கு. எது எதற்கு?

மறுபடி குலுக்கலாம் என்றார் பாஸ்டர் ஐயா. கர்த்தர் ஒருதரம் சொன்னதை இன்னொருதரம் கேட்பது அவிசுவாசம் என்றார் ஆசீர்வாதம். எட்டுச் சீட்டு உள்ளவனுக்கு விழுந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று கணக்கும் சொன்னார். அய்யாத்துரை அண்ணாச்சிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"கீரை இப்ப கிடாவுக்குள்ளதானே இருக்கு. ரெண்டையும் சேத்துத்தான் நான் எடுத்திருக்கேன். பாதிப் பாதி போட்டு முடிச்சு விடுங்க."

அன்று பேசப்பட்டவற்றில் இதுதான் அறிவான பேச்சு. ஆனால் பாதி என்றால் ஆயிரத்து எழுநூறு. தொட்டில்களை அவிழ்க்க வேண்டியதுதான்.

அப்புறம் எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. சீட்டைப் பிரித்துப் பார்த்துக் கட்டியவர் ஒருவர் இருக்கிறாரே. முப்பத்தொரு வருஷம் விலாசம் மறக்காதவர். சாமித்துரை சொல்லிவிட்டால் அப்பீல் இல்லை என்று ஆசீர்வாதமே சொன்னார்.

சாமித்துரை தன்னைப் பார்க்காத ஒரு முகத்தையாவது கூட்டத்தில் தேடினார். பொன்மணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே பேசினாள்.

"நீங்க எதைக் கட்டுனீங்களோ அதைச் சொல்லுங்க அண்ணாச்சி. கீரைன்னா கீரை. பிள்ளைகளை நான் வேப்ப மரத்துல கட்டிக்கிடுதேன்."

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாமித்துரை கிடாவைப் பார்த்தபடி சொன்னார்.

"கிடா தொட்டில் வீட்டுக்கு. கீரை கோபுரத்துக்கு."

7

இங்கேயே முடித்திருக்கலாம். மாற்று முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

(அ) சீட்டில் இருந்ததும் அதுதான். சாமித்துரை உண்மை சொன்னார், கர்த்தர் ஏழைகள் பக்கம், சுபம். மலர்க்குழுவுக்கு இது பிடிக்கும்.

(ஆ) கிடாவுக்கு விழுந்தது கோபுரம். சாமித்துரை வாழ்க்கையில் முதல் பொய்யை ஆலய வாசலிலேயே சொன்னார். இது எனக்குப் பிடிக்கும். அதனால்தான் மேலே அந்த வரியைப் பாதி எழுதிவிட்டு நிறுத்தினேன். எனக்குப் பிடிக்கிறது என்பதற்காக ஒரு மனிதரைப் பொய்யராக்கும் அதிகாரம் எனக்கு யார் கொடுத்தது? சீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு ஜீவன்களில் ஒன்றை அடுத்த வாரம் அய்யாத்துரை அண்ணாச்சி குழம்பு வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தொட்டில்கள் அவிழவில்லை. அடுத்த ஞாயிறு சாமித்துரை செயலர் பொறுப்பை விட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அப்பமும் திராட்சை ரசமும் வாங்கச் சபை முழுவதும் வரிசையாகப் பீடத்தின் முன் போய் முழங்கால் போட்டது. மனசில் கறை உள்ளவன் அதைச் சரிசெய்யாமல் வரக் கூடாது என்பது முறை. அறுபது வருஷம் ஒரு தடவையும் தவறாத சாமித்துரை, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். அடுத்த மாதமும் அப்படியே.

ஏன் போகவில்லை என்று அவரிடமே கேட்டேன்.

"முட்டு வலிலே. முழங்கால் போட முடியல."

அதே வாரம், கோவில்பட்டிச் சந்தையிலிருந்து அரை மூட்டைப் பருத்திக்கொட்டையைக் கேரியரில் வைத்து, எதிர்காற்றில் அவர் சைக்கிள் மிதித்து வந்ததைப் பார்த்தேன். ஒரு வயசுக்கு மேல் வலி நாளைக்கு ஒரு விதமாக இருக்கும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் வைத்தியன் இல்லை.

8

ஐந்தாவது மாதம். பாட்டு முடிந்து வரிசை எழுந்தது. எப்போதும் முதல் ஆளாகப் போகிற பொன்மணி எழுந்து, பீடத்துக்குப் போகாமல் பின்பக்கம் நடந்து வந்தாள். நடுவில் நடைபாதை. அந்தப் பக்கம் ஆண்கள் பெஞ்சின் கடைசியில் சாமித்துரை. இந்தப் பக்கம் பெண்கள் பெஞ்சின் கடைசியில் அவள் உட்கார்ந்தாள்.

நீ போகவில்லையா என்று சாமித்துரை கையசைத்துக் கேட்டார்.

"எனக்கும் முட்டு வலிதான் அண்ணாச்சி."

அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் அவள் தொண்டைக்கு மெதுவென்பது பீடம் வரை கேட்கும். முழங்கால் போட்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆசீர்வாதமும் பார்த்தார். எல்லாருக்கும் கொடுத்து முடித்த பாஸ்டர் ஐயா, கிண்ணத்தை மூடாமல், கடைசி பெஞ்சைப் பார்த்தபடி நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எழுதப்போவதில்லை. எழுதினால் சீட்டில் என்ன இருந்தது என்று நீங்கள் கணக்குப் போட்டுவிடுவீர்கள். அது உங்களுக்கும் எனக்கும் வேண்டாத கணக்கு. முடிவை உங்கள் கையில் விடுகிறேன், உங்கள் மனசுப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெஞ்சிலிருந்து எழுப்புவதாக இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்தே எழுப்புங்கள்.