சரி, கேப்டன்

தோள்பட்டையில் சின்னம் நிற்கவே மாட்டேன் என்றது. குத்தினால் சாய்ந்தது, நிமிர்த்தினால் கழன்றது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவின் சீருடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அதை உடுத்திக்கொண்டு, பெட்டிக்குள், அவசரம் எதுவுமில்லாமல் படுத்திருந்தார். முதுகுப் பக்கம் கிழித்துத்தான் மாட்ட முடிந்தது. ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு மட்டும் தொப்பை போட்டிருந்தது, சீருடைக்குப் போடவில்லை.

"நேரா குத்துடி," என்றாள் அம்மா. "கோணலா இருந்தா எழுந்து உக்காந்துடுவாரு."

அடக்கம் மாலையில். ராணுவ மரியாதைக்கு வந்திருந்த இளம் லெப்டினன்ட், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, காலிக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். மீசை அப்போதுதான் யோசித்து யோசித்து முளைத்துக்கொண்டிருந்தது.

மகள் ராணுவ மேல்முறையீட்டு வாரியத்துக்குக் காலையிலேயே போன் செய்துவிட்டாள். பதினொரு மணிக்கு அப்பாவின் வழக்கு விசாரணை. மறுமுனையில் இருந்த எழுத்தர் வருத்தம் சொன்னார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார்.

"மனுதாரர் இறந்துட்டா கேஸ் தானா முடிஞ்சிடும், மேடம்."

"நான் மகள். நான் வந்து நின்னா?"

"அவரோட பதவி உயர்வுத் தேதியால உங்களுக்கு என்ன நஷ்டம்? பாதிக்கப்பட்டவங்க யாராவது வந்து நின்னாத்தான் நடக்கும். இல்லாட்டி இன்னிக்கே கட்டு கட்டி மேல போட்டுடுவாங்க."

பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருந்தார். அவரிடம் மட்டும் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கடைசிக் கட்டளை.

கதை பழையது. ஒரு வெள்ளத்தின்போது அப்பாவின் படைப்பிரிவு மீட்பு வேலைக்குப் போயிருந்தது. காலையில் கூடாரத்துக்குள் வைத்துக் கமாண்டர் தன் கையாலேயே அப்பாவின் தோளில் மேஜர் சின்னத்தைக் குத்தினார். "காகிதம் பின்னாடி வரும், நீ போ," என்று அனுப்பினார். மதியம் அணை திறந்துகொண்டது. படகுகளை வைத்து ராணுவக் கிடங்கைக் காப்பாற்று என்றார் அங்கிருந்த இன்னொரு கேப்டன். அவர் அப்பாவுக்குச் சீனியர். கிடங்கு கிடக்கட்டும், படகுகளை ஆஸ்பத்திரிக்கு விடு என்று அப்பா வயர்லெஸ்ஸில் உத்தரவு போட்டார். படகுகளுக்குப் பொறுப்பான சார்ஜென்ட், அப்பா சொன்னதைக் கேட்டார். நோயாளிகள் எல்லோரும் பிழைத்தார்கள். கிடங்கு ஆற்றோடு போனது.

அந்த வாரமே கமாண்டர் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். புதிதாக வந்தவர், தான் கையெழுத்துப் போட்ட நாளையே பதவி உயர்வு நாளாகப் போட்டுவிட்டார். அவ்வளவுதான். அப்பா வெள்ளத்தன்று மேஜர் இல்லை, வெறும் கேப்டன், அதுவும் ஜூனியர். அவர் போட்டது உத்தரவே இல்லை. உத்தரவில்லாததைக் கேட்டு, சீனியரின் உத்தரவை மீறிய குற்றத்துக்காகச் சார்ஜென்ட்டின் சட்டைக் கையிலிருந்த மூன்று பதவிப் பட்டைகளையும் பிரித்தெடுத்தார்கள். அவர் சிப்பாயாகவே வீட்டுக்குப் போனார். அப்பாவுக்கு ஒரு கண்டிப்போடு சரி. பிறகு கர்னல் வரைக்கும் உயர்ந்தார்.

அன்றிலிருந்து அப்பா தேதியைப் பிடித்துக்கொண்டார். மறுப்பு வரும், மறுபடி எழுதுவார். சொந்தக்காரர்கள் அவருக்குத் 'தேதி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். "தேதி என்ன சொல்றாரு?" என்று கல்யாண வீட்டில் கேட்டுச் சிரிப்பார்கள். மனுக்களையெல்லாம் தட்டச்சு செய்துகொடுத்தவள் மகள்தான். அதனால் அவளுக்கு மட்டும் இன்னொரு விஷயம் தெரியும்.

அன்றைய வயர்லெஸ் பதிவில் சார்ஜென்ட் சொன்ன பதில் இருந்தது. "சரி, கேப்டன்." அந்தக் 'கேப்டன்' என்ற ஒரு சொல்லைத்தான், சார்ஜென்ட்டுக்கே தெரியாமல், மூடிய அறை விசாரணையில் பிடித்துக்கொண்டார்கள். உத்தரவைக் கேட்டவனே அவரை மேஜராக மதிக்கவில்லையே, அப்புறம் என்ன?

ஆனால் அந்தக் கேப்டன் பதவி இல்லை. அப்பா படைப்பிரிவின் கால்பந்து அணிக்குக் கேப்டன். சார்ஜென்ட் அதே அணியின் கோல்கீப்பர். அதனாலேயே வீட்டில் அவர் 'கோலி மாமா'. அப்பா இதை மனுவில் எழுதினார். அப்படியானால் சம்பந்தப்பட்டவரே வந்து சொல்லட்டும் என்று வாரியம் பதில் போட்டது. அப்பா கூப்பிடவே இல்லை.

"கூப்பிட்டா காரணம் கேப்பான்," என்றார் ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்க. "தன் வாயாலதான் தன் பட்டை போச்சுன்னு தெரிஞ்சா அவன் சோறு தின்னமாட்டான். கேஸ் போனா போகட்டும். சொல்லாதே."

அவளுக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு மனிதருக்குப் பிறந்திருக்கிறோமே என்று நெஞ்சு நிறைந்தும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

பத்து மணி வாக்கில் கோலி மாமா வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பை, பயணக் களைப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு யாரையும் பார்க்காமல் நேராகப் பெட்டியருகே போனார். முறம் போன்ற கைகள். ஒரு சுண்டுவிரல் எப்போதோ பந்து பட்டு வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டிருந்தது.

"கேப்டன்," என்றார். "வந்துட்டேன், கேப்டன்."

லெப்டினன்ட் மெல்ல அருகில் போனான். "சார், அவங்க கர்னலா ரிட்டயர் ஆனவங்க. கர்னல்னு சொல்லணும்."

"உனக்குக் கர்னல் தம்பி. லெப்டினன்ட்டா உன்னை மாதிரி மீசையில்லாம வந்து எறங்கினாரு பாரு, அன்னியிலேருந்து எனக்குக் கேப்டன்தான்."

லெப்டினன்ட்டின் கை தானாக மீசைக்குப் போய்வந்தது. மகள் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது. வாரியம் இத்தனை வருஷமாகக் கேட்ட சாட்சி, கூடத்தின் நடுவே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. அவள் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நான் சொல்லமாட்டேன்னு அப்பாகிட்ட ஒத்துக்கிட்டேம்மா. இப்ப என்ன பண்றது?"

அம்மா அடுப்பை அணைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"உங்கப்பா அதை எப்பச் சொன்னாரு?"

"போன வாரம்."

"அவரு ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு? ரிட்டயர் ஆனப்புறம் போட்ட உத்தரவு. செல்லாது." அம்மா அவளைக் கதவுப் பக்கம் தள்ளினாள். "தேதியைப் பாத்துத்தானே எல்லாம்? போய்ச் சொல்லு."

பின்கட்டுப் படியில் உட்காரவைத்து அவள் சொன்னாள். பூசி மெழுகாமல் சொன்னாள். வயர்லெஸ் பதிவைப் பற்றிச் சொன்னதும் கோலி மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அவர் வளைந்த சுண்டுவிரலை நிமிர்த்தப் பார்த்தார்.

"உங்கப்பன் முட்டாள், பாப்பா," என்றார் கடைசியில். அவளுக்கு நாற்பத்தைந்து வயதானாலும் அவருக்கு இன்னும் பாப்பாதான். "கோல் விழுந்தா கீப்பர்கிட்ட சொல்லணும். சொல்லாம மறைச்சா அடுத்த பந்தை அவன் எப்படிப் பிடிப்பான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வண்டி இருக்கா?"

லெப்டினன்ட் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "என் ஜீப் இருக்கு, சார்."

வாரிய அறையில் மூன்று நாற்காலிகள், ஒரு மின்விசிறி, உயரத்துக்கு உயரம் கட்டுகள். அப்பாவின் கட்டுதான் தடிமன். நடுநாற்காலியில் ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வெள்ளத்தன்னிக்கு அவரை நீங்க என்னன்னு கூப்பிட்டீங்க?"

"கேப்டன்னு, ஐயா."

"அப்போ மேஜர்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். காலையில சின்னம் குத்தறப்ப கூடாரத்துக்குள்ள நான் இருந்தேன். ஊசி குத்தி ரத்தம்கூட வந்துச்சு, சிரிச்சாரு. ஆனா கூப்பிடறது கேப்டன்னுதான். லெப்டினன்ட்டா இருக்கிறப்பவும் அப்படித்தான், கர்னல் ஆனப்பவும் அப்படித்தான்."

"இதுக்கு உங்க வார்த்தையைத் தவிர வேற ஆதாரம்?"

கோலி மாமா மகளைப் பார்த்தார். அவளிடம் ஒன்றுமில்லை. அணியின் மற்றவர்கள் எங்கெங்கோ சிதறிப் போய்விட்டார்கள், பாதிப் பேர் உயிரோடு இல்லை. இத்தனை தூரம் அவரைக் கூட்டிவந்து, எதைக் கேட்கக்கூடாதென்று அப்பா தவித்தாரோ அதை இத்தனை பேர் முன்னால் கேட்கவைத்துவிட்டோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. லெப்டினன்ட் விறைப்பாக எழுந்து நின்றான்.

"அனுமதிச்சா ஒண்ணு சொல்லலாமா, சார்? காலையில கர்னலோட பெட்டி முன்னாடி இவர் கேப்டன்னுதான் கூப்பிட்டார். கேஸ் விஷயம் அப்போ இவருக்கே தெரியாது. மரியாதை இல்லாம பேசறார்னு நினைச்சு..." அவன் காது சிவந்தது. "நான் திருத்தினேன், சார். இவர் திருந்தல."

ஜெனரலின் உதடு லேசாக அசைந்தது. மற்ற இருவரும் குனிந்து ஏதோ கிசுகிசுத்தார்கள். அவர் கட்டின் அடியிலிருந்து அந்தப் பழைய பதிவை எடுத்து, படித்து, மறுபடி படித்து மூடினார்.

"தீர்ப்பு எழுத்துல வரும்," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க உட்காரலாம், சார்ஜென்ட்."

கோலி மாமா, யாரைச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. எழுத்தர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, அந்தச் சொல்லை எழுதலாமா என்று ஜெனரலைப் பார்த்தார். ஜெனரல் தலையசைத்தார். மகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா இவர்கள் முகத்தைப் பார்த்தாள். பெட்டியின் மேல் குனிந்து, கடைசியாக ஒருமுறை அந்தச் சின்னத்தை நிமிர்த்தினாள்.

"உங்க உத்தரவை மீறிட்டோம்," என்றாள் அவர் காதருகே. "எழுந்து மெமோ குடுங்க."

மாலையில் வெயில் தாழ்ந்திருந்தது. சிப்பாய்கள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். லெப்டினன்ட், கோலி மாமாவிடம் வந்து, முன்வரிசையைக் காட்டினான். "இங்க நில்லுங்க, சார்ஜென்ட்." அவர் பட்டைகள் இல்லாத வெள்ளைச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றார்.

பெட்டி மெல்ல இறங்கியது. பாதியில் ஒரு சிப்பாயின் கை வழுக்கி, ஒரு முனை சட்டென்று சாய்ந்தது.

கோலி மாமா அதற்குள் குழியின் விளிம்பில் முழங்கால் மடக்கிக் குனிந்திருந்தார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன, வளைந்த சுண்டுவிரல் உட்பட விரல்கள் எல்லாம் அகல விரிந்து. சிப்பாய் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பெட்டி நேரானது. அது அடியில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகும் அவர் கைகளை மடக்கவில்லை.