சொல்லாமலே வைத்த கை

கோர்ட்டுக்குப் போன அன்று வெர்லீன் காஸ்கின்ஸ் வெள்ளைக் கோட்டும் வெள்ளைப் பாவாடையும் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் வாசலில் நின்று வருகிறவர்களைக் கூட்டிப்போய் உட்கார வைப்பது அவள் பொறுப்பு. அதற்குப் போடுகிற உடுப்பு அது. சாட்சி சொல்ல வந்தவள் கண்ணியமாக இருந்தால் அவள் புருஷனும் கண்ணியமானவன் என்று நீதிபதிக்குத் தோன்றும் என்பது அவள் கணக்கு. தப்புக் கணக்கு என்று சொல்லிவிட முடியாது. பிரவுன்ஸ்வில் பேட்டையில் குடியிருக்கிற கறுப்பர்களுக்கு, மூஞ்சியைப் பார்த்தே முடிவு கட்டுகிறவர்களோடுதான் காலம் பூராவும் மாரடிப்பு.

புருஷன் பெயர் ரோடெல். வீடுகளுக்குத் தரை விரிப்பு ஒட்டுகிற வேலை. விரிப்பை வெட்ட ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தான். ஆணி, பூட்டு விற்கிற கடையில் எட்டு டாலருக்குக் கண்ணாடிக்குப் பின்னால் பகிரங்கமாகத் தொங்குகிற கத்திதான். கையால் உதறினால் திறந்துகொள்கிறது, ஆகவே அது ஆயுதம் என்று போலீஸ் சொல்லிவிட்டது. விற்றவனை ஒருத்தரும் கேட்கவில்லை. வாங்கினவன்தான் குற்றவாளி. என்ன நியாயமோ.

வேறு யாராவது என்றால் அபராதத்தோடு போயிருக்கும். ரோடெல் மேல் பழைய கேஸ் ஒன்று இருந்தது. பத்தொன்பது வயதில் தெருவில் நிறுத்தின போலீஸ்காரனைப் பார்த்து "எதுக்கு?" என்று கேட்டுவிட்டான். அந்த ஒரு சொல்லில் தள்ளுமுள்ளு ஆகி, போலீசை அடித்தான் என்று எழுதி, எட்டு மாதம் உள்ளே வைத்தார்கள். அதனால் இந்தக் கத்தி இப்போது பெரிய குற்றம். ஏழு வருஷம் வரைக்கும் போகலாம்.

தப்பிக்க ஒரே வழிதான் இருக்கிறது என்றாள் மிஸ் டோனலி, கோர்ட் இலவசமாகக் கொடுத்த வக்கீல். தகுந்த சந்தேகம் இல்லாமல் ஒருவனை நிறுத்திச் சோதனை போடக் கூடாது. அப்படிப் போட்டார்கள் என்று நிரூபித்துவிட்டால் கத்தியே கேஸில் இருக்காது, ரோடெல் வீட்டுக்குப் போகலாம். நல்ல பெண்தான், பாவம், ஆனால் கையில் எண்பது கேஸ். வெர்லீனோடு வராந்தாவில் நின்றபடி பத்து நிமிஷம் பேசினாள். பார்த்ததை அப்படியே சொல்லுங்கள், ஒன்றையும் கூட்டிச் சொல்லாதீர்கள் என்றாள். வெர்லீனுக்கும் அது சுலபமாகத்தான் பட்டது.

போலீஸ்காரன் சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே அவன் சொன்னது இதுதான்: அந்தப் பகுதி மோசமான பகுதி, அந்த ஆளின் கோட்டுப் பை புடைத்திருந்தது, நடையும் சரியில்லை. ஆனாலும் நாங்கள் அவனை நிறுத்தவே இல்லை. காரை ஓரம் கட்டினோம், அவனாகவே வந்து பானெட்டில் கையை வைத்தான், சோதிக்கலாமா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினான். வக்கீலின் காதில் ரோடெல், பச்சைப் பொய், கையை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன் என்றான். முதல் நாளிலிருந்து அவன் சொல்லிவந்தது அதுதான். மிஸ் டோனலிக்கு அதில் சந்தேகமே இல்லை. எந்த மனுஷன் போய்த் தானாகப் போலீஸ் காரில் கையை வைப்பான்?

வெர்லீன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து ரோடெலின் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தோம் என்றாள். சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி ஒரு ட்ரே, அதை அவர்தான் தூக்கி வந்தார். சாப்பிட்ட பிறகு அக்கா வீட்டுச் சமையலறைக்கு விரிப்பு ஒட்டித்தருவதாகச் சொல்லியிருந்தார், அதற்குத்தான் கத்தி. மூலையில் திரும்பும்போது போலீஸ் கார் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தது.

மிஸ் டோனலி நிதானமாகக் கேட்டாள். "கார் வந்து நின்னதும் அந்த அதிகாரி உங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலையே."

வக்கீல் காகிதத்திலிருந்து நிமிர்ந்தாள். "கையை வைக்கச் சொல்லித்தானே வெச்சாரு?"

அரசு வக்கீல் எழுந்து, சாட்சிக்குப் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றார். நீதிபதியும் ஆமாம் என்றார். ஆனால் வெர்லீனுக்குப் பதில் தயாராக இருந்தது, சொல்லியும் விட்டாள். அதுவும் பெருமையாகச் சொன்னாள்.

"சொல்ல வேண்டியதே இல்லீங்க. கார் மெதுவாச்சுன்னாலே அவருக்குத் தெரியும். ட்ரேயை என் கையில குடுத்துட்டு, தானாவே போயி கையை வெச்சுட்டாரு. எங்க வீட்டுக்காரர் யாருக்கும் தொந்தரவு குடுக்கிற ஆள் இல்லைங்க."

அட பாவமே, புருஷன் நல்லவன் என்று நிரூபிக்கத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் அவள். அவன் அடங்கி நடக்கிறவன் என்று சொன்னால் நீதிபதி மனசு இளகும் என்று நினைத்தாள். மிஸ் டோனலியின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்த பிறகுதான் என்னமோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது, என்ன தப்பு என்று புரியவில்லை.

அரசு வக்கீல் மரியாதையான ஆள். உங்கள் வீட்டுக்காரர் கையை வைப்பதற்கு முன்னால் அதிகாரி சத்தம் போட்டாரா, துப்பாக்கியைத் தொட்டாரா, காரை விட்டு இறங்கினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. அவர் கையை வைத்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். பேசிக்கொண்டிருந்தேன் என்றாள். அக்கா மகன் கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, அதை விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன், ட்ரே சூடாக இருந்ததால் கையை மாற்றி மாற்றிப் பிடித்தேன்.

"அப்ப நீங்க பயப்படலை."

"இதுக்கெல்லாம் பயந்தா தெருவுல நடக்க முடியுமாங்க? மாசம் ரெண்டு தரமாவது நடக்குது."

"பயப்பட்டீங்களா, இல்லையா?"

"இல்லைங்க," என்றாள். பயம் இல்லாததற்கு என்ன காரணம் என்று சொல்ல வாயெடுத்தாள். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, இறங்கலாம் என்றார் நீதிபதி.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தச் சோதனை செல்லுமா என்பதற்கு மட்டும் தீர்ப்பு. வயிற்றெரிச்சலைக் கேளுங்கள், போலீஸ்காரன் சொன்ன காரணங்கள் ஒன்றுகூட எடுபடவில்லை. கோட்டுப் பை புடைத்திருப்பதும், ஒரு பகுதியில் குடியிருப்பதும், தோலின் நிறமும் சந்தேகம் ஆகாது என்று நீதிபதி அழகாகவே சொன்னார். அதிகாரி நிறுத்தியிருந்தால் அது சட்ட விரோதம்தான். ஆனால் யாரும் நிறுத்தவில்லை, இவரே முன்வந்து இணங்கினார், அவர் மனைவியே அதைச் சொல்கிறார். கத்தி கேஸில் இருக்கும் என்று முடித்தார்.

வெளியே வராந்தாவில் மிஸ் டோனலி மிச்சத்தைச் சொன்னாள். இன்றைக்கே குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டு வருஷம் என்கிறார்கள். வழக்கை நடத்தித் தோற்றால் ஐந்தோ ஏழோ, நம் கையில் இல்லை. அப்புறம் வெர்லீனைப் பார்த்து, உங்கள் மேல் தப்பில்லை, நான் முன்னாடியே கேட்டிருக்க வேண்டும், கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை என்றாள். முடிவெடுக்கப் பத்து நிமிஷம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைச் சத்தியம் பண்ணி ஜெயிலுக்கு அனுப்பிவிட்டேனே என்று வெர்லீன் தன்னையே சபித்துக்கொண்டாள். அவன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். அவன்மேல் அவளுக்குக் கோபமும் வந்தது.

"அவங்க சொல்ற வரைக்கும் நீ ஏன்டா காத்திருக்கல? ஒரே ஒரு நிமிஷம். அவங்க வாயைத் திறக்கட்டும்னு நின்னிருக்கக் கூடாதா?"

ரோடெல், எங்கேயோ வைத்ததைத் தேடுகிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சொன்னாங்கன்னுதான் வெர்லீன் நான் நினைச்சிட்டிருந்தேன்," என்றான். "அந்தப் போலீஸ்காரன் பொய் சொல்றான்னு உள்ள உக்காந்து பல்லைக் கடிச்சேன். நீ சொன்னப்பத்தான் ரோசிச்சுப் பார்த்தேன். அவன் சொன்ன மாதிரி எனக்கு இன்னமும் காதுல கேக்குது. ஆனா அவன் சொல்லலை."

மிஸ் டோனலி தூரத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு ஒப்புக்கொள்ள உள்ளே போனான்.