இரண்டு ஸ்கோப்பும் ஒரு வெள்ளை நாயும்

எம்லின் என் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆள் இல்லை. திறந்துகொண்டு நேராக உள்ளே வருவான், கெட்டிலைத் தொட்டுப் பார்ப்பான், சூடாக இருந்தால் தானே ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பக்கத்துப் பண்ணைக்காரன், பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன், அவனுக்கு எதற்குக் கதவு? அன்று காலை தட்டினான்.

"உள்ள வாயேன். என்ன இது புது மரியாதை?"

அவன் வரவில்லை. மழைக்கோட்டோடு வாசலில் நின்றபடியே போனை நீட்டினான்.

போனில் ஒரு கருப்பு வெள்ளைப் படம் ஓடியது. அவனுடைய மேல்வயல். கல்சுவர், புல், குட்டியோடு படுத்திருந்த ஒரு தாய் ஆடு. ஓரத்திலிருந்து ஒரு வெளிர் நாய் வந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சற்று நின்று பார்த்தது. அப்புறம் பாய்ந்தது. மிச்சத்தை நான் பார்க்கவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி எடுத்தது. துப்பாக்கில மாட்டின புது ராத்திரி ஸ்கோப்புல. நரி வரும்னு சுவருக்குப் பின்னாடி துப்பாக்கியோட உக்காந்திருந்தேன். வந்தது நரி இல்ல நெரிஸ்."

"அதுக்கு?"

"இந்தப் பள்ளத்தாக்குல வெள்ளை நாய் வேற யார்கிட்ட இருக்கு?"

யாரிடமும் இல்லை. என்னிடம்தான் இருக்கிறது. எய்ரா என்று பெயர். எங்கள் மொழியில் பனி என்று அர்த்தம். அவள் அந்த நேரம் பார்த்து என் காலுக்கும் கதவுக்கும் நடுவே மூக்கை நுழைத்து, எம்லினைக் கண்டதும் வாலை ஆட்டினாள். நெஞ்சில் பழுப்பாகக் கறை.

எம்லின் அதைத்தான் பார்த்தான்.

"நஞ்சுக்கொடி தின்ன ரத்தம்டா அது. ராத்திரி கொட்டகையில மூணு ஆடு குட்டி போட்டுச்சு. எந்த நாய்தான் தின்னாது?"

"இருக்கலாம்" என்றான். இல்லை என்பதை அவன் அப்படித்தான் சொல்வான்.

"கட்டிப் போட்டிருந்தியா?" என்று கேட்டான்.

கட்டவில்லை. எய்ரா வைக்கோல் கொட்டகையில் அவிழ்த்துவிட்டபடிதான் படுப்பாள். அது அவனுக்கும் தெரியும். என்ன சொல்லி என்ன.

"குறியில வச்சுட்டேன். விரல்கூட உள்ள போயிடுச்சு. உன் முகத்துக்காகத்தான் சுடாம விட்டேன்" என்றான். "நாளைக்குள்ள செஞ்சிடு. உன்னால முடியலன்னா சொல்லு, நான் செய்றேன்."

ஆட்டைக் கடித்த நாயை எங்கள் பக்கம் யாரும் வைத்துக்கொள்வதில்லை. போலீசுக்குப் போகலாம், ஆனால் அக்கம்பக்கத்துக்குள் யாரும் போவதில்லை. சொந்தக்காரரே முடித்துவிடுவதுதான் மரியாதை. நானே இன்னொருத்தரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன், வெகு சுலபமாக.

"கார்டிஃப்ல என் தங்கச்சி இருக்கா. அங்க அனுப்பிடறேன். அந்தத் தெருவுல ஆடே கிடையாது எம்லின்."

"ருசி கண்ட நாய் நெரிஸ். அங்க ஆடு இல்லன்னா பூனை. பூனை இல்லன்னா குழந்தை. அப்புறம் யார் பதில் சொல்றது?"

பிக்கப் வண்டியின் பின்தட்டில் அவனுடைய நாய் க்ளோ உட்கார்ந்திருந்தது. க்ளோ என்றால் கரி. மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு வெள்ளை முடி கிடையாது. ஆடு மேய்க்கும் போட்டிகளில் அது வாங்கிய கோப்பைகள் எம்லின் வீட்டு அடுப்படி முழுக்க இருக்கின்றன. மனைவி போன பிறகு அவன் மனிதர்களிடம் பேசியதைவிட அந்த நாயிடம் பேசியதுதான் அதிகம். இறங்கு என்றால் இறங்கும், இரு என்றால் நாள் முழுக்க இருக்கும். அதைக் கூட்டிக்கொண்டு அவன் போய்விட்டான். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்தில் கெட்டிலைத் தூக்கி எறிந்திருப்பேன், ஆனால் அது என் கெட்டில்.

கெத்தினுக்கு போன் போட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். குட்டி போடும் காலத்தில் சாயங்காலமானால் எல்லாப் பண்ணைக்கும் நரி சுட்டுக் கொடுக்கிறவனும் அவன்தான். ஸ்கோப் விஷயத்தில் அவன் சொன்னால் எம்லின்கூட மறுபேச்சு பேச மாட்டான்.

"அந்தப் படத்தை நம்பலாமான்னு நீ பாத்துச் சொல்லுடா."

"எந்த ஸ்கோப்புல எடுத்தாராம்?"

சொன்னேன்.

"அதையா வாங்கிட்டாரு? ஐயோ! பசங்கள இறக்கி விட்டுட்டு நேரா அங்கதான் வரேன் நெரிஸக்கா. அவரையும் ஸ்கோப்பக் கழட்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்."

என் நாய்க்காக வரவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. இருந்தாலும் வந்தான்.

மதியம் என் சமையலறை மேசையில், பழரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எம்லினுடையது புதுப்பெண் மாதிரி பளபளப்பு. பார்த்தால் சாதாரண ஸ்கோப் போலத்தான் இருக்கும். பகலில் கலரில் காட்டும், இருட்டினால் கருப்பு வெள்ளைக்கு மாறும். கெத்தினுடையது சாதாரண ஸ்கோப்பின் பின்பக்கத்தில் மாட்டுகிற ஒரு குழாய் கேமரா. கரண்டு வேலைக்காரர்கள் சுற்றும் கருப்பு டேப்பால் பாதி சுற்றியிருந்தது. இருட்டில் பார்க்க இரண்டிலும் ஒரு குட்டி டார்ச் உண்டு, அதன் வெளிச்சம் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

"இதக் குப்பையில இருந்தா எடுத்த?" என்றான் எம்லின்.

"குப்பைதான் மாமா. ஆனா போன வருஷம் உங்க வயல்ல விழுந்த நரியெல்லாம் இந்தக் குப்பை பாத்துச் சுட்டதுதான்."

"உன் டார்ச் சிவப்பா மினுக்கும். நரி பாத்துட்டு உனக்குக் கையாட்டிட்டுப் போகும்."

"உங்க டார்ச் மினுக்காது. ஒத்துக்கறேன். ஆனா எட்டாதே! சுவரத் தாண்டினா சாம்பல் கரைச்ச மாதிரிதானே இருக்கும்? பெருசாக்கிப் பாத்தா முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையும்."

"உடையாது."

"பேட்டரி?"

"விடிய விடிய நிக்கும்."

"எனக்கு ஒரு பொழுதுக்கு ரெண்டு வேணும்" என்று கெத்தின் பெருமூச்சு விட்டான். "பட்டன் அழுத்தறதுக்கு முன்னாடி நடந்ததையும் பதிஞ்சு வைக்குமாமே? அந்த செட்டிங்கெல்லாம் யார் போட்டாங்க? உங்களுக்கு டிவி ரிமோட்டே பிடிக்கத் தெரியாதே."

எம்லின் சிரித்துவிட்டான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"டேய், ரெண்டு பேரும் கல்யாண மாப்பிள்ளை பாக்கவா வந்தீங்க? என் நாய் உயிரோட இருக்கணுமா வேண்டாமான்னு கேட்டா, பேட்டரி பேசறீங்க!"

மேசைக்கடியில் எய்ரா என் பூட்ஸ்மேல் தலையை வைத்துக்கொண்டிருந்தாள். கெத்தின் எம்லினின் போனை வாங்கி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினான்.

"நாய்தான். நரி இல்ல. நடை நரி நடை இல்ல" என்றான். "வெளிறித்தான் தெரியுது. என்னால வேற சொல்ல முடியல நெரிஸக்கா."

கெத்தின் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தான். "கொட்டகைக் கதவச் சாத்தினா இருட்டா இருக்கும்ல? ரெண்டுலயும் ஆட்டப் பாப்போம். இவரோடது நிஜமாவே தெளிவா காட்டுதா, தூரத்துல எதையாவது மாத்திக் காட்டுதான்னு தெரிஞ்சுடும்."

குட்டி போடும் கொட்டகைக்குப் போனோம். நீளமான கொட்டகை. தகரக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்ததும் என் கையே எனக்குத் தெரியவில்லை. ஆடுகள் அசை போடும் சத்தம், குட்டிகள் முட்டிக் குடிக்கும் சத்தம், இருட்டில் கெத்தினின் டார்ச்சில் ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

"கடைசி அடைப்புல இருக்கற ஆடு. காது வில்லையில நம்பர் படிங்க மாமா."

"எழுபத்தி மூணு."

"எனக்கு எழுபதுன்னு மட்டும் தெரியுது. ம்... நல்லாத்தான் இருக்கு கழுதை" என்றான் கெத்தின், வயிற்றெரிச்சலோடு.

எம்லின் மெதுவாக ஸ்கோப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டியிருக்க வேண்டும். "நெரிஸ், உன் கறுப்பு ஆடு எங்க? வித்துட்டியா?"

"எதுக்கு விக்கறேன்? தண்ணித் தொட்டி பக்கத்துல படுத்திருக்கு பாரு."

"தொட்டி பக்கத்துல வெள்ளை ஆடுல்ல இருக்கு?"

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"எனக்கும் வெள்ளைதான் தெரியுது நெரிஸக்கா" என்றான் கெத்தின் இருட்டுக்குள்ளிருந்து.

விளக்கைப் போட்டேன். தொட்டி பக்கத்தில் என் கறுப்பு ஆடு, கரிச்சட்டி மாதிரி, எங்களைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. விளக்கை அணைத்து, எம்லின் கையிலிருந்து ஸ்கோப்பைப் பிடுங்கி நானே பார்த்தேன். துவைத்துக் காயப்போட்ட வெள்ளை.

"மாத்திக் காட்டுதா?" என்று கேட்டான் எம்லின்.

"கோளாறெல்லாம் இல்ல மாமா. அந்த டார்ச் வெளிச்சம் நம்ம கண்ணுக்கான வெளிச்சமே இல்லல்ல? அதுல கறுப்பு கறுப்பா நிக்காது போல. நான் இத்தனை வருஷம் நரியத்தான் பாத்திருக்கேன். நரி என்ன நிறம்னு யார் கவனிச்சா?" என்றான் கெத்தின். "பகல்ல கலர்ல பாத்துப் பழகினதால நீங்க நம்பிட்டீங்க."

எனக்கு நாக்கில் சனி. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப வெள்ளை நாய்னு எதுக்குடா என் வாசல்ல வந்து நின்ன? கறுப்பு நாயாக்கூட இருந்திருக்கலாமே!"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பள்ளத்தாக்கில் கறுப்பு நாயும் ஒன்றே ஒன்றுதான்.

எம்லின் தட்டுத்தடுமாறிக் கதவுவரை போய், அதைக் கொஞ்சம் திறந்து சீட்டியடித்தான். பிக்கப்பிலிருந்து க்ளோ குதிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான். "போ. அங்க நில்லு" என்றான். வைக்கோலில் காலடி போய் நின்றது.

முதலில் கெத்தின் பார்த்தான். "மாமா..." என்றான். எம்லின் ஸ்கோப்பை என்னிடமிருந்து வாங்கிக் கண்ணில் வைத்தான். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

விளக்கைப் போட்டபோது க்ளோ அந்தக் கோடியில் நின்று அடுத்த உத்தரவுக்காக அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு முன்னங்கால் தூக்கியபடி. அது எப்போதும் அப்படித்தான் நிற்கும். நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காலையில் போனிலும் பார்த்தோம்.

எம்லின் வைக்கோல்மேல் உட்கார்ந்து போனை எடுத்து அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தான். கடைசிவரை பார்த்தான்.

"பிக்கப்ப விட்டு இறங்காதேன்னு சொல்லிட்டுத்தான் சுவருகிட்ட போனேன்" என்றான். "திரும்பி வந்தப்ப பின்னாடி படுத்துத்தான் இருந்தான். நனைஞ்சிருந்தான். மழைன்னு நெனச்சேன்."

வெள்ளை நாயில் நஞ்சுக்கொடி ரத்தம்கூடத் தெரியும். கறுப்பு நாயில் எந்த ரத்தமும் தெரியாது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எதற்கு மறைப்பது? எய்ரா பிழைத்தாள். அந்தச் சந்தோஷம் எம்லினின் முகத்தைப் பார்க்கும்வரைதான் நின்றது. காலையில் அவன் விரலை அழுத்தியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். என் முகத்துக்காக விட்டுவைத்தது அவனுடைய சொந்த நாயை.

"எம்லின், கார்டிஃப்ல என் தங்கச்சிகிட்ட..."

"ருசி கண்ட நாய் நெரிஸ்" என்றான். பூனை, குழந்தையெல்லாம் இந்த முறை சொல்லவில்லை.

எழுந்து க்ளோவைக் கூப்பிட்டான். அது வந்து அவன் முழங்காலில் தலையை உரசியது. பிக்கப்பின் பின்தட்டில் ஏறப்போனதைத் தடுத்து, முன்கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டான். எங்கள் பக்கம் எந்த நாயும் முன்சீட்டில் போனதில்லை. ஸ்கோப்பை என் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

கெத்தின் போகாமல் மேசையில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் கலக்கிக்கொண்டிருந்தான். பொழுது சாய்வதற்கு முன்னால் எம்லின் பக்கத்திலிருந்து ஒரு வெடிச்சத்தம் வந்தது. எய்ரா காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். நான் அழுதேன். அந்த நாய்க்காகவா, அவனுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

வாரக் கடைசியில் பனி கொட்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்குள் மலைமேல் இருக்கும் ஆடுகளைக் கீழே இறக்கியாக வேண்டும். எம்லின் வந்து கதவைத் தட்டினான்.

"திறந்துதானேடா இருக்கு!" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

உள்ளே வந்தான். கெட்டிலைத் தொடவில்லை. முகச்சவரம் செய்து நாளாகியிருந்தது.

"உன் நாயைக் கொஞ்சம் தரியா? ஆள் மட்டும் ஏறிப் போய் ஒண்ணும் ஆகாது."

அவனும் நானும் எய்ராவும் மலையேறினோம். எய்ராவுக்கு அவன் சீட்டி தெரியாது என்றுதான் நான் கூடப் போனேன். ஆனால் பக்கத்து வயலில் இத்தனை வருஷம் அதைக் கேட்டே வளர்ந்திருக்கிறாள். இடது என்றால் இடது போனாள், வளை என்றால் வளைத்தாள். அவன் காட்டிய வேலையையெல்லாம் செய்தாள். முதல் பனி விழத் தொடங்கும்போது அத்தனை ஆடுகளும் அவனுடைய அடைப்புக்குள் இருந்தன.

எம்லின் கேட்டைச் சாத்திக் கொக்கி போட்டான். காலடியில் வந்து உட்கார்ந்தவளைத் திரும்பிப் பார்க்காமலே கையைத் தாழ்த்தி, காதுக்குப் பின்னால் சொறிந்தான்.

"நல்லா செஞ்சடா க்ளோ" என்றான்.

எய்ரா வாலை ஆட்டினாள். நான் திருத்தவில்லை.