வலை போடாத அணை

பரிசல் அணையின் நடுவே நின்றது. மாரிசெல்வி குனிந்து குப்பியில் தண்ணீர் மொண்டாள். பச்சை பாய்ந்து கொழகொழவென்றிருந்தது. துடுப்பைப் பிடித்திருந்த அண்ணன் செல்வக்குமார் அவள் முகத்தையே பார்த்தான்.

"என்ன புள்ள, தேறுமா?"

"தேறும்ணே. ரெண்டு வருசம் யாரும் வலை போடக் கூடாது."

"அதுவரைக்கும் நாங்க காத்தையா திங்க?" என்று சிரித்தான்.

தாயில்பட்டியிலிருந்து படித்துப்போய் பெங்களூரில் ஆராய்ச்சியாளர் ஆனவள் அவள். பல வருடம் தாங்கிக்கொண்டே இருக்கும் நீர்நிலை ஏன் ஒருநாள் திடுமெனக் கெட்டுப்போகிறது என்பதுதான் அவள் படிப்பு. பாசி, பாசியைத் தின்னும் நுண்ணுயிர், அதைத் தின்னும் பொடிமீன், பொடிமீனைத் தின்னும் விரால். ஒன்றை அசைத்தால் எது எங்கே அசையும் என்று கணினியில் கோடு கோடாக இணைத்து வைத்திருந்தாள். விராலைப் பெருகவிட்டால் பாசி அடங்கும் என்று வெம்பக்கோட்டை அணைக்கு அவள் எழுதிக் கொடுத்த யோசனை ஏற்கப்பட்டது. மீன்பிடிக்கத் தடை வந்தது. தருவதாகச் சொன்ன நிவாரணம் வரவில்லை.

செல்வக்குமார் வலையைப் பரணில் போட்டுவிட்டு, பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கப் போனான்.

"பயமா இல்லையாண்ணே?" என்று போனில் கேட்டாள்.

"தடைய எடுத்ததும் வந்துருவேன் புள்ள."

அந்த வாரம்தான் தண்ணீர் தெளியத் தொடங்கியிருப்பது அளவுகளில் தெரிந்தது. அவள் மனம் அதிலேயே இருந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தடை முடியச் சில வாரங்களே இருந்தபோது அவன் வேலை பார்த்த அறை வெடித்தது.

காரியம் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு, மதினி சினேகா டீ கொண்டுவந்து வைத்தாள். மாரிசெல்வியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எல்லாத்தையும் கணக்குல எடுத்தேன் மதினி. வலை போடாதவுக எங்க போவாகன்னு மட்டும் யோசிக்கல."

சினேகா டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது மாரிசெல்விக்கு.

"ஒன்னைய அவுக ஒரு சொல் கொறையாச் சொன்னதில்ல, மாரி. எந்தங்கச்சியால அம்புட்டுத் தண்ணியும் தெளிஞ்சிருச்சுன்னு கம்பெனியெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாக."

மாரிசெல்வி வாயில் சேலையை அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேனின் ஹாரன் கேட்டது. சினேகா தூக்குவாளியோடு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி!"

"சோறு வடிச்சு வச்சிருக்கேன். புள்ளைக எந்திரிச்சாப் போட்டுக்குடு."

வேனுக்குள் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். சன்னலோரம் அமர்ந்த சினேகா, முடி வெளியே தெரியாதபடி ஒரு துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.