செத்த செல்களின் நடை

நான்கு வருடமாக அந்த ஆராய்ச்சியாளர் ஒரே மருந்தின் பின்னால் அலைந்தார். காயத்தை நோக்கித் தோல் செல்களை வேகமாக நகர வைக்கும் மருந்து. அது வேலை செய்கிறது என்று இன்று மாலைக்குள் நிதி கொடுக்கும் குழுவுக்கு எழுதிக் காட்டினால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நேற்று, செல்கள் பரவிய டிஷ்ஷின் நடுவே ஒரு கோடு கீறி, மருந்தை விட்டு, தானே மைக்ராஸ்கோப்பில் வைத்தார். கேமரா ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தது. கணினி ஒவ்வொரு செல்லையும் பின்தொடர்ந்து வேகத்தைக் கணக்கிட்டது. மருந்தில்லாத டிஷ்ஷைப் போல இரண்டு மடங்கு.

மைக்ராஸ்கோப் அறைக்குப் பொறுப்பானவளை எல்லோரும் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படங்களை ஓட்டிப் பார்த்தவள் நாற்காலியைத் திருப்பினாள்.

“சார், செத்த செல்லும் நடக்குது.”

“என்னம்மா, காலங்காத்தால?”

“நீங்களே பாருங்க. இது செத்து அடியில ஒட்டிக்கிட்டது. இதுக்கு எங்க போற அவசரம்?”

பார்த்தார். செத்தவை எல்லாம் வலப்பக்கமாக, ஒரே வேகத்தில், வரிசை கலையாமல் போயின.

“டிஷ்ஷை அசையாம பிடிக்கிற கிளிப்பைப் போட மறந்துட்டேன். டிஷ்ஷே நகர்ந்திருக்கு. எல்லாம் போச்சா?”

“எதுக்குப் போகணும்? செத்தது எவ்வளவு நகர்ந்துச்சோ, அது டிஷ்ஷோட கணக்கு. அதைக் கழிச்சிட்டா மிச்சம் உயிரோட இருக்கிறதோடது.”

அவள் செத்த செல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். “இது மிதக்குது, வேண்டாம். இது சாகல, நடிக்குது.” மதியத்துக்குள் நாற்பது தேறின. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு வருடத்தில் செத்த செல்லை அவர் ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்த்ததில்லை.

கழித்தபின் படத்தை ஓட்டினாள். செத்தவை அசையாமல் நின்றன. கீறலின் ஓரத்தில் ஒரு செல் மெல்ல முன்னே பரவி, ஊன்றி, பின்பாதியை இழுத்துக்கொண்டது. அதன் பின்னால் இன்னொன்று.

இரண்டு மடங்கு ஒன்றேகாலாகச் சுருங்கியிருந்தது.

“ஒன்னேகால் போதுமா சார்?”

“போதுமோ என்னவோ. அது நடந்தது அவ்வளவுதான்.”

ஒன்றேகால் என்று எழுதினார். கிளிப்பை மறந்தது தான்தான் என்றும் எழுதினார்.

“அதை எதுக்கு சார் எழுதிக்கிட்டு?”

“செத்ததை எதுக்கு எண்ணினோம்னு அவங்களுக்குப் புரிய வேண்டாமா?”

மறுநாள் பதில் வந்தது. ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள். மூன்று முறை திருப்பிச் செய்து காட்டச் சொல்லியிருந்தார்கள்.

புது டிஷ்ஷைக் கீறி மைக்ராஸ்கோப் வரை கொண்டுபோனவர், அதை அவளிடம் நீட்டினார்.

“நீயே வைம்மா.”