கரையில் குரல் கொடுக்கக் கூடாது

லோம்வி என்னும் கடற்பறவையின் குஞ்சுக்குப் பறக்கத் தெரிவதற்கு முன்பே தகப்பன் பறவை கடலில் இறங்கி மிதந்துகொண்டு கூப்பிடும். அந்தக் குரலை நம்பிக் குஞ்சு பாறையிலிருந்து குதிக்கும். கரையில் விழுந்தவற்றைப் பிடித்து, காலில் அடையாள வளையம் மாட்டி, உடனே கடல் பக்கம் திருப்பிவிடுவது எங்கள் வேலை. அந்த நேரத்தில் கரையில் யாரும் குரல் கொடுக்கக் கூடாது.

போன கோடையில் என் அண்ணன் சிகுர்ட் குரல் கொடுத்தான். அச்சு அசலாக லோம்வி போலவே கூப்பிடுவான். விளையாட்டாகத்தான் செய்தான். கடலுக்குள் இறங்கிய குஞ்சுகள் அவனை நோக்கித் திரும்பி வந்தன. கடற்காக்கைகள் பாய்ந்து பலவற்றைக் கொத்திக்கொண்டு போயின. மிச்சத்தையாவது தகப்பன்களிடம் சேர்க்கலாம் என்று படகை எடுத்து, கூப்பிட்டபடியே மூடுபனிக்குள் போனான். குஞ்சுகளும் பின்னால் போயின. படகு மட்டும் கிடைத்தது.

இந்த வருஷம் நானும் அவன் கூட்டாளி ஹால்வரும்தான்.

"வாய்ல பசை தடவிட்டு வந்தியா, யோருன்? காப்பி வேணுமான்னாவது சொல்லேன்."

"வேணும்."

"அப்பாடா! உசுரு இருக்கு."

சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாலையில் பனி இறங்கியது. குஞ்சுகள் குதிக்கத் தொடங்கின. ஒன்றைப் பிடித்து வளையத்தைக் குறடால் அழுத்தி மூடியபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

லோம்விகளில் ஒன்றின் குரல் மற்றதற்கு இருக்காது. சிகுர்டின் கூப்பாடு முடிகிற இடத்தில் உடையும். மீசை அரும்பிய காலத்தில் விழுந்த விரிசல் அது, போகவே இல்லை. பனிக்குள்ளிருந்து வந்த குரலும் அதே இடத்தில் உடைந்தது.

ஹால்வரின் கை அப்படியே நின்றது.

"கேட்டுச்சா?" என்றேன்.

"பதில் குடுக்காதே."

அந்தக் கூப்பாட்டைச் சிகுர்ட் எனக்கும் பழக்கியிருந்தான் என்பது ஹால்வருக்குத் தெரியும். கூப்பிட்டால் அண்ணன் வருவானோ என்னவோ, இவ்வளவு கிட்டத்தில் கேட்கிற குரலுக்குக் குஞ்சுகள் நிச்சயம் திரும்பி வரும். பாறைகளில் கடற்காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"ஒரே ஒரு தடவை, ஹால்வர்."

"போன வருஷம் அவனும் அதத்தான் சொன்னான்."

குஞ்சைக் கடல் பக்கம் திருப்பி விட்டேன். அது என் காலணியருகே நின்று திரும்பிப் பார்த்தது. மீன் நாறும் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வேறொரு திசையிலிருந்து உடையாத குரல் ஒன்று கூப்பிட்டது. குஞ்சு கீச்சிட்டுக்கொண்டே அலைக்குள் ஓடியது. தகப்பன் குரலும் குஞ்சின் குரலும் பனிக்குள் ஒன்றாகி விலகிப் போயின.

"அந்த உடஞ்ச குரலும் பறவைதான்," என்றான் ஹால்வர்.

"ஆமா."

அடுத்த குஞ்சு விழுந்தது. அவன் வளையத்தை என்னிடம் நீட்டிவிட்டுப் பனியையே பார்த்தான். வாங்கி நானே மாட்டினேன்.

உடைந்த குரல் தொலைவில் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எந்தக் குஞ்சும் அதனிடம் போகவில்லை.