நகரும் சுருள்

அறுப்பின் பண்டிகைக்கு மூன்று நாள் இருந்தபோது, எங்கள் பாளையம்பட்டி சர்ச் சபையின் செயலாளர் வேதமுத்து ஐயா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிதாரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு பழுதும் இல்லை.

அது கப்பலில் வேலை பார்த்த என் மாமா லாரன்ஸ் வாங்கிவந்து சபைக்குக் கொடுத்த எலக்ட்ரிக் கிதார். வாங்க ஆளில்லாமல் இரண்டே வருடத்தில் நிறுத்தப்பட்ட மாடல் என்றார். எட்டு வருடம் பெட்டியில் கிடந்தது. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்து வீட்டிலிருந்த நான் 91-இல் அதை எடுத்துத் துடைத்து, மைக்செட் ஆம்பிளிஃபையரில் இணைத்து, வாசிக்கக் கற்றேன்.

மற்ற கிதார்களில் ஒலியைப் பிடிக்கும் காந்தச் சுருள் ஓரிடத்தில் பதிந்திருக்கும். இதில் தந்திகளுக்கு அடியில் இரண்டு எஃகுக் கம்பிகள். அவற்றின் மேல் சுருள் வழுக்கி நகரும். கழுத்துப் பக்கம் தள்ளினால் ஒலி உருண்டு வரும். தந்தி கட்டிய முனைக்கு இழுத்தால் கூர்மையாகும். பாட்டின் நடுவில் அதை நகர்த்தி வாசிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

விஷயம் தெரிந்ததும், ஐயா அதைக் கொடுத்திருந்த வெள்ளத்துரை அண்ணாச்சி கடைக்குத் தம்பி ரூபனுடன் போனேன். போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். மேசைமேல் கிதார். சுருள் முனையோரம் வார்னிஷில் இறுகியிருந்தது.

“ஏன் அண்ணாச்சி ஒட்டுனீக?”

“காயிலு ஆடுச்சு தாயி. ஆடுற காயிலு எரிஞ்சு போகும்ல?”

“ஆடுறதுக்குத்தான் கம்பியே வச்சிருக்கு.”

அவர் ரூபனைப் பார்த்தார். “தம்பி, பிள்ள என்ன சொல்லுது?”

ரூபனுக்கு அதில் எத்தனை தந்தி என்றுகூடத் தெரியாது.

வார்னிஷைக் கரைக்கத் தின்னர் ஊற்றினால் சுருளின் பூச்சும் சேர்ந்து கரையும். பிளேடு வாங்கிச் சுரண்ட ஆரம்பித்தேன்.

“மீனு செதிலு எடுக்குற மாதிரில்ல எடுக்குது!” என்று சிரித்தார் அண்ணாச்சி.

அதற்குள் வேதமுத்து ஐயா வந்துவிட்டார். “ஏ ஸ்டெல்லா, சபைச் சொத்துல கை வைக்காத!”

கூச்சத்தில் சபையில் ஜெபம் சொல்லக்கூட எழுந்து நிற்காதவள் நான். அன்று கேட்டேன். “எட்டு வருசம் எலிப்புழுக்கையில கிடந்தப்ப சொத்தாத் தெரியலையா ஐயா? வாசிக்கிறவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?”

“பொம்பளப் பிள்ளகிட்ட மிஷினப் பத்தி என்னத்தக் கேக்க?”

கேலியில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்கு எரிந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே சுரண்டினேன். மூன்று பிளேடு உடைந்தது. சுருள் இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. வார்னிஷ் காயும்வரை கிளாம்பு போட்டு இறுக்கியதில் ஒரு கம்பி வளைந்திருந்தது. அதை நிமிர்த்தப் பக்கத்து டவுனான அருப்புக்கோட்டையிலும் ஆளில்லை.

பண்டிகை ஞாயிறன்று அந்த இரண்டு விரற்கடைக்குள் வாசித்தேன். மெதுவான பாட்டுகூடத் தகரம் தட்டியது போல வந்தது. பாட்டு முடிந்ததும் வேதமுத்து ஐயா என் பக்கம் வந்து மைக்கைப் பிடித்தார்.

“அண்ணாச்சி கைபட்டதும் கிதாரு எப்படி ஸ்டெடியா கேக்குது பாத்தீகளா?”

சபை தலையாட்டியது. நான் மைக் பக்கம் குனிந்தேன்.

“இல்ல ஐயா. இதைக் கெடுத்துட்டீக.”